இருமுறை கடல் கடந்தவள்: பழவேற்காட்டுக் கத்தரீனா

(முத்தாபுதுப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



நாடுகடத்தப்பட்ட ஒரு பெண்கைதியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் பார்த்ததும் உங்களில் பலர் அந்தமானை நினைத்திருப்பீர்கள். அந்தமானில் ஆங்கிலேயர் நிலையான கைதிக் குடியேற்றத்தைத் தொடங்கியது 1858இல். நான் சொல்லப் போகிற பெண் அதற்கு 200 ஆண்டுகள் முந்தியவள். அவள் பெயரோடு ஒட்டியிருக்கும் ஊர் நம் திருவள்ளூர் மாவட்டத்தில், இந்த மண்டபத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கிறது.

ஏடுகள் அவளை ‘கத்தரீனா வான் பாலியகத்தா’ என்கின்றன. பாலியகத்தா என்பது டச்சுக்காரர் வாயில் நம் பழவேற்காடு. ‘வான்’ என்றால் ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்று பொருள். 1656இல் அவள் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், அடிமையாக இருந்தாள். அந்த ஆண்டு ஒரு கொலை வழக்கில் அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுள் நாடுகடத்தலாகக் குறைத்து, 1657இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற்றினார்கள். அந்தக் குடியேற்றத்தின் பதிவுகளில் காணக் கிடைக்கும் முதல் பெண்கைதி அவள்தான். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் மான்செல் அப்பம் 1990களில் ஏடுகளைத் துருவி அவள் வாழ்க்கையைக் கோத்துக் கொடுத்தார். அவர் உழைப்பு இல்லையென்றால் இன்று நான் இங்கே நின்று பேச முடியாது.

நான் முன்வைப்பது ஒரே ஒரு கருத்து. கத்தரீனா இரண்டு முறை கடல் கடத்தப்பட்டாள். இரண்டாம் முறைக்கு வழக்கு உண்டு, தீர்ப்பு உண்டு, ஆண்டு உண்டு. முதல் முறைக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை, ஏனென்றால் அது தண்டனை இல்லை, வியாபாரம். கைதிகளின் வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் வழக்கமாகத் தீர்ப்பு நாளிலிருந்து தொடங்குவார்கள். இவள் கதையை அப்படித் தொடங்கினால், அவளுக்கு நேர்ந்த பெரிய அநியாயம் கதைக்கு வெளியிலேயே நின்றுவிடும். பத்தாவியாவுக்குப் போவதற்கு முன் பழவேற்காட்டுக் கரையில் நின்றாக வேண்டும்.

1. பெயர்

கத்தரீனா என்பது தாய் தகப்பன் வைத்த பெயராக இருக்க முடியாது. வாங்கியவர்கள் வைத்தது. அதே காலத்து ஏடுகளில் வங்காளத்து மரியா, வங்காளத்து ஆஞ்செலா, மலபாரின் கிளாஸ் என்று வரிசையாக வருகிறார்கள். ஒரு கிறிஸ்தவப் பெயர், ஒரு ‘வான்’, ஒரு இடம். அடிமையின் முழு விலாசமும் அவ்வளவுதான்.

அந்த இடமும் பிறந்த ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை, கப்பலேறிய துறைமுகமாகவும் இருக்கலாம். இங்கே விமானப்படை நிலையத்தில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வடக்கே மாற்றலாகிப் போன இடத்தில் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால், செய்யாறாக இருந்தாலும் ஊத்துக்கோட்டையாக இருந்தாலும் ‘மெட்ராஸ்’ என்றுதான் சொல்கிறோம். நாமே சொல்கிறோம், ஊருக்குத் திரும்பியும் வருகிறோம். அவள் விஷயத்தில் பக்கத்தில் இருந்தவன் சொன்னான், இன்னொருவன் எழுதிக்கொண்டான்.

பழவேற்காட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய உள்நாடு இருந்தது. ஆரணியாறு வந்து கலக்கிற ஏரியின் கரையில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நெசவும் வெளுப்பும் அந்தத் துறையை நம்பி இருந்தன. இந்தப் பகுதி அன்று விஜயநகரத்தின் கடைசி அரசர்களுக்கும் அவர்களுடைய நாயக்கர்களுக்கும் கீழ் இருந்தது. 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கொடுத்த தாமர்ல சகோதரர்களில் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துதான் ஆண்டார். ஆகவே ‘பழவேற்காட்டவள்’ என்ற சொல்லுக்குள் பழவேற்காட்டு மீனவக் குப்பமும் இருக்கலாம், ஆரணியாற்றங்கரை நெசவுத் தெருவும் இருக்கலாம், இந்த ஏரிக்கரைகளில் ஏதோ ஒன்றும் இருக்கலாம். துறைமுகத்தின் பெயர் கிராமத்தின் பெயரை விழுங்கிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 1860 நவம்பர் 16இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கியது. கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்கு நடந்த கொடுமை வேறு கதை. ஆனால் அந்தக் கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது, சாதி, வயது, கிராமம் இருந்தன. இன்று டர்பனிலிருந்து ஒருவர் அந்தப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு பூட்டனுடைய கிராமத்தைத் தேடி வர முடிகிறது. அதே நாட்டில் 203 ஆண்டுகள் முன்னதாக இறங்கிய கத்தரீனாவின் வழிவந்தவர்கள் வந்தால், பழவேற்காடு பேருந்து நிலையத்தோடு வழி முடிந்துவிடும்.

2. முதல் கப்பல்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613இல். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் அவர்களின் தலைமையிடம். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை அப்படித்தான். நம் பள்ளிகளில் உள்ளூர் வரலாறு சொல்லும்போது, பழவேற்காட்டிலிருந்து துணி போனது, கோட்டைக்குள் செய்த வெடிமருந்து போனது என்று சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டும் உண்மை. இங்கு நெய்த துணியைக் கொடுத்துத்தான் கீழைத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். அந்தத் துணிக் கட்டுகள் போன கடல்வழியிலேயே ஆட்களும் போனார்கள். இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஏன் போனார்கள்? 1619இல் டச்சுக்காரர் பத்தாவியாவைத் தலைநகராக்கினார்கள். 1621இல் அவர்களின் தலைமை ஆளுநர் கோயன், ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களைக் கொன்றும் விரட்டியும் தீவுகளைக் காலியாக்கினார். தோட்டத்துக்கு ஆள் வேண்டும், புதிய நகரத்துக்கும் ஆள் வேண்டும். அந்தத் தேவை நம் கரையைத் தொட 2 ஆண்டுகூட ஆகவில்லை. டச்சு அடிமை வாணிகத்தை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் தரும் கணக்குப்படி, 1622, 1623 ஆகிய ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 பேர் வரை வாங்கி அனுப்பப்பட்டார்கள். 1646இல் 2,118 பேர். இதில் பெரும்பகுதி தெற்குத் துறைகளிலிருந்து. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாடு சூறையாடப்பட்ட நாட்களில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்.

இந்த எண்கள் எப்போது ஏறுகின்றன, எப்போது இறங்குகின்றன என்று பாருங்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏறும். படை புகுந்த ஆண்டில் ஏறும். 1640களில் இரண்டும் சேர்ந்து வந்தன. விஜயநகரம் உடைந்துகொண்டிருந்தது, வடக்கிலிருந்து கோல்கொண்டாப் படையும் மேற்கிலிருந்து பிஜப்பூர்ப் படையும் இறங்கின, பின்னாலேயே பஞ்சம். பஞ்சத்தில் ஒரு படி நெல்லுக்கு முன்னால் பிள்ளையின் விலை என்ன? ஒரு வாய் குறைந்தால் மற்ற பிள்ளைகள் பிழைக்கும், விற்ற பிள்ளைக்கும் எங்கேயோ சோறு கிடைக்கும் என்று கணக்குப் போட்ட தாய் தகப்பன்மாரை நான் குற்றம் சொல்லத் துணியமாட்டேன். தன்னைத்தானே விற்றுக்கொண்டவர்களும் உண்டு, பிடித்துக்கொண்டு வந்து விற்கப்பட்டவர்களும் உண்டு. எந்த வழியாக வந்தாலும் கோட்டை வாசலில் எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான்: ஆண், பெண், பிள்ளை, தலை ஒன்றுக்கு இவ்வளவு.

கத்தரீனா 1656க்கு முன் ஏதோ ஒரு பருவத்தில் இந்தக் கரையிலிருந்து ஏற்றப்பட்டாள். துணி வியாபாரத்தில் எத்தனை கட்டு, என்ன ரகம், என்ன விலை என்று ஒவ்வொன்றாக எழுதியவர்கள், இவளைத் தலைக்கணக்கில் ஒன்றாக எழுதினார்கள். எந்த நீதிபதியும் அவளை விசாரிக்கவில்லை, எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. பிறந்த மண்ணிலிருந்து ஆயுளுக்கும் அகற்றப்பட்டாள் என்ற விளைவு மட்டும் பின்னால் வந்த தீர்ப்பின் விளைவேதான்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே பலகை பலகையாகக் கருங்கல். குடும்பச் சின்னம், கொடி, இறந்தவர் பெயர், நாள், எல்லாம் ஆழமாக வெட்டிய எழுத்து. போன முறை நான் போயிருந்தபோது ஒரு பெயரின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். முந்நூறு ஆண்டு உப்புக்காற்றுக்கு அப்புறமும் விரல் நுனி அந்தக் குழியில் இறங்குகிறது. கோட்டை இருந்த இடத்திலோ முள்ளும் மேடும்தான். அந்த மேட்டிலிருந்து படகுத்துறை கூப்பிடு தூரம்.

3. தீர்ப்பு

1656இல் பத்தாவியாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளாஸ் என்ற அடிமைக்கும் அவளுக்கும் பழக்கம் இருந்தது. ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி அவன் அவளைத் தாக்கினான். அவள் கைக்கு அகப்பட்ட மூங்கிலால் திருப்பித் தாக்கினாள். அடி அடிவயிற்றில் பட்டது. சில நாட்களில் அவன் இறந்துபோனான்.

அவனுடைய பெயர் ‘கிளாஸ் வான் மலபார்’. அன்றைய ஐரோப்பியர் ‘மலபார்’ என்பதை இன்றைய கேரளக் கரைக்கு மட்டும் சொல்லவில்லை. தமிழரையும் தமிழையும் ‘மலபார்’ என்றே எழுதினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்திலும் இந்த வழக்கம் இருந்தது. ஆகவே கிளாஸ் மலையாளியாகவும் இருக்கலாம், தமிழனாகவும் இருக்கலாம். கடல் கடந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில், இரண்டு பேர் ஒரே மொழியில் ஏசிக்கொண்டிருக்கலாம். இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தை அரிப்பது இதுதான். செத்தவனும் ஒரு கப்பலில் வந்தவன். அவனுக்கும் ஒரு முதல் கப்பல் இருந்தது.

தலைமை ஆளுநராக இருந்தவர் யோவான் மாட்சூக்கர். மரண தண்டனை ஆயுள் நாடுகடத்தலானது. இதைக் கருணை என்று படிப்பது ஒரு முறை. நான் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்கிறேன். நன்னம்பிக்கை முனையில் கம்பெனி கால் ஊன்றி 5 ஆண்டுதான் ஆகியிருந்தது. போகிற வருகிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுக்கும் இடம் அது. அங்கே வேலைக்கு ஆள் இல்லை. அடிமைகளை ஏற்றிய முதல் பெரிய கப்பல்களான ‘அமெர்ஸ்ஃபூர்ட்’டும் ‘ஹாசெல்ட்’டும் அங்கே சேர்ந்தது 1658இல்தான். ஓர் உடலைத் தூக்கிலேற்றுவதைவிட அதைக் கொண்டு வேலை வாங்குவது கம்பெனிக்கு லாபம். பின்னாளில் ஆங்கிலேயரும் இதே கணக்கில்தான் 1787 முதல் பென்கூலனுக்கும், பிறகு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இந்தியக் கைதிகளை அனுப்பிச் சாலை போட வைத்தார்கள்.

ஆனால் இந்தத் தீர்ப்பு அவள் நிலையை ஒரு விதத்தில் மாற்றியது. பத்தாவியாவில் அவள் ஒருவருடைய சொத்து. சொத்துக்கு முடிவு தேதி கிடையாது, உடையவர் மனம் வைத்தால்தான் உண்டு. நன்னம்பிக்கை முனையில் அவள் கம்பெனியின் கைதி. கைதிக்குத் தண்டனை என்று ஒன்று இருக்கிறது, தண்டனை என்று இருந்தால் மன்னிப்பு என்றும் ஒன்று இருக்க முடியும். அடிமைத்தனம் சாத்தி வைத்திருந்த ஒரு கதவைத் தண்டனை திறந்துவிட்டது. இதை நல்ல காலம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கொலைக் குற்றவாளி என்ற பெயர் வந்த பிறகுதான் சட்டத்தின் கண்ணில் அவள் ஆளானாள் என்றால், அதற்கு முன் அவள் எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

4. வெளுப்பு

முனையில் அவளுக்குக் கிடைத்த வேலை துணி வெளுப்பது. தளபதி வான் ரீபேக் வீட்டுத் துணி, அவருக்குப் பின் வந்த வாகெனார் வீட்டுத் துணி, அப்புறம் வந்தவர்கள் வீட்டுத் துணி. ஆட்சி மாறியது, அவள் வேலை மாறவில்லை. ‘பெரிய கத்ரைன்’ என்று அவளைக் குறிப்பிடுவதும் இந்த ஆண்டுகளில்தான்.

கற்பனையை அடக்கிக்கொண்டே சொல்கிறேன், அந்த வேலையை நாம் அறிவோம். வெள்ளாவிப் பானை, உவர்மண், துவைகல், கஞ்சி, வெயில் என்று நம் ஊர்களில் போன தலைமுறை வரை கண்ணால் பார்த்தது. டச்சுக்காரரின் உடை வெள்ளைக் கழுத்துப்பட்டையும் மணிக்கட்டுத் துணியும். கஞ்சி நிற்காவிட்டால் அந்தப் பட்டை தொங்கிவிடும். மேசை மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றில் பின்வந்த தலைமுறைகளின் அடிமைப் பெண்கள் துணி துவைத்தார்கள். அந்த மலைப்பிளவின் பெயர் இன்றும் ‘பிளாட்டெக்ளிப்’. ‘தட்டைக் கல்’ என்று பொருள். கேப் டவுனுக்குப் போகிறவர்கள் மலையேறும் வழி அது. தட்டைக் கல்லும் ஓடுகிற தண்ணீரும் இருந்தால் ஒரு தமிழ்ப்பெண் அங்கே என்ன செய்வாள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் எந்த மொழி பேசியிருப்பாள்? அன்றைக்கு இந்தியப் பெருங்கடல் நெடுக அடிமைகளும் மாலுமிகளும் உடைந்த போர்த்துக்கீசியத்தில் பேசிக்கொண்டார்கள். பத்தாவியாவிலும் அதுதான், முனையிலும் அதுதான். டச்சுக்காரருக்கு முன் பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். நம் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். ‘சாவி’ என்று அவள் ஊர் வழக்கில் சொல்லியிருந்தால் வங்காளத்து மரியாவுக்கும் அது விளங்கியிருக்கும்.

1667இல் இன்னொரு வழக்கு. ஹைடல்பெர்க் பக்கத்திலிருந்து வந்த ஹான்ஸ் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன் என்ற கம்பெனிச் சிப்பாய், காவல் இடத்தை விட்டு அவளிடம் போயிருந்து பிடிபட்டான். அவனை ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். ஆமாம், பின்னாளில் நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் அடைபட்டிருந்த அதே தீவு. அவளுடைய மனம் என்ன சொன்னது என்பதற்கு அந்த வழக்கில் இடம் இல்லை. சிப்பாய் காவலை விட்டான் என்பதுதான் குற்றம். 1668இல் அவளுக்கு ஞானஸ்நானம். 1669இல் அவள் மகன் கிறிஸ்டோஃபெலுக்கு ஞானஸ்நானம்.

அதன் பின் மன்னிப்பும் கிடைத்தது. 1671இல் அந்தோணி யான்ஸ் என்ற வங்காளத்தவரை மணந்தாள். அவரும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். இருவரும் சுதந்திரக் குடிகளாகச் சுமார் 10 ஆண்டு வாழ்ந்தார்கள். 1680களின் தொடக்கத்தில் இருவரும் மறைந்தார்கள். நாடுகடத்தல் ஆணை ரத்தானது. ஆனால் மன்னிப்பு அவளைப் பத்தாவியாவின் தீர்ப்பிலிருந்து மட்டும்தான் விடுவித்தது. பழவேற்காட்டில் நடந்ததற்குத் தீர்ப்பே இல்லாததால் அதிலிருந்து விடுவிக்க எவராலும் முடியவில்லை. என் கருத்தின் மையம் இதுதான்.

5. மகன்

கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன், சமயக் கொடுமைக்குத் தப்பி 1688இல் முனைக்கு வந்து சேர்ந்த ஜாக் தெ சவ்வாய் என்ற செல்வாக்குள்ள பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டின் மகளை மணந்தான். டிராக்கன்ஸ்டைன் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்தான். தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பங்கள் அவன் வழி வந்தவை. அவற்றில் பல, வெள்ளையர் என்றே தலைமுறை தலைமுறையாக எண்ணப்பட்டவை. 1949இல் அந்நாடு வெள்ளையரும் மற்றவரும் மணப்பதைத் தடை செய்தது. 1950இல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையர் பத்தியில் கையெழுத்திட்ட ஸ்னைமன்களின் மூதாட்டி ஒரு பழவேற்காட்டுப் பெண். 1980களில் ஹான்ஸ் ஹீஸ் போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய வம்சாவளிகளை அச்சில் வெளியிட்டபோது அந்நாட்டில் பலருக்குத் தூக்கம் போயிற்று. நமக்கு அதில் சந்தோஷப்பட எதுவும் இல்லை. நம் கரையில் அவளைத் தேடி ஒருவரும் போகவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

6. எழும்பூர்

தேடுவதற்கு இடம் இல்லாமல் இல்லை. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவை ஹேகிலும் ஜகார்த்தாவிலும் கேப் டவுனிலும் கொழும்பிலும் இருக்கின்றன. ஐந்தாவது இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து பக்கம். பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கக் கற்ற தமிழ் மாணவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில் இருக்கிறார்கள். இந்த அவையில் இருக்கும் மாணவிகளில் இரண்டு பேர் அதைக் கற்க முன்வந்தால், எனக்குத் தெரிந்த வரைக்கும் நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாம், என் வீடு பட்டாபிராமில்தான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை வகுப்பில் பழவேற்காட்டுத் துறைமுகத்தைப் பற்றிக் கரும்பலகையில் எழுதும்போது, அங்கிருந்து ஏற்றுமதியானவை துணி, வெடிமருந்து என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு காற்புள்ளி போட்டு, ‘மனிதர்கள்’ என்று எழுதுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால் கத்தரீனாவைச் சொல்லுங்கள்.